ஊவாவின் தென்வாயில்

(தோட்டத் தொழிலாளரும் விவசாயிகளும் ஆசிரியரும் அலுவலரும் பெரகலவிற் கூடிய அவையில் நிகழ்த்தப்பெற்ற உரை)



நாம் கூடியிருக்கும் இந்தப் பெரகல ஒரு சிறு சந்தி. பஸ்ஸுக்கு நிற்போரும் தேநீருக்கு இறங்குவோரும் அன்றி, இவ்வூரை நினைத்து வருவோர் குறைவு. ஆனால் இலங்கைப் படத்தை விரித்து வைத்து விரலால் தொட்டுப் பாருங்கள். கொழும்பிலிருந்து அவிசாவளை, இரத்தினபுரி, பலாங்கொடை என்று வரும் பெருஞ்சாலை இங்கேதான் ஊவா மலையின் இடுப்பைத் தொடுகிறது. தொட்டவுடன் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று கொஸ்லந்தை, வெல்லவாயா, மொனராகலை, பொத்துவில் எனக் கீழிறங்கி மட்டக்களப்பு வரை செல்கிறது. மற்றொன்று அப்புத்தளைக்கு ஏறி, பண்டாரவளை, ஹாலி-எல வழியாகப் பதுளைக்குச் செல்கிறது. மலைநாட்டுக்கும் கீழ்நாட்டுக்கும் நடுவே உள்ள வாயில் இது. வாயிலில் நின்று பார்ப்பவனுக்கே வீட்டுக்குள் போவதும் வெளியே போவதும் தெரியும்.

எல்லைப்புறத்துச் செல்வ நாடுகளைப் பற்றி உலக வரலாறு நிறையப் பேசுகிறது. தென்னாபிரிக்காவில் விற்வாட்டர்ஸ்ரான்ட் என்ற மேட்டு நிலத்தில் 1886 ஆம் ஆண்டு பொன் கண்டெடுக்கப்பட்டது. புல்வெளியாகக் கிடந்த இடத்தில் ஜொகனஸ்பர்க் என்ற நகரம் முளைத்தது. பொன் யாருக்குப் போயிற்று, சுரங்கத்துள் இறங்கியவன் யார் என்பதை இன்று உலகம் அறியும். அதே 1886 ஆம் ஆண்டில்தான் மத்திய மாகாணத்தோடு சேர்ந்திருந்த இப்பகுதி பிரிக்கப்பட்டு, ஊவா மாகாணம் என்று பெயர் பெற்றது. இரண்டுக்கும் தொடர்பில்லை. எனினும் எல்லை நாட்டில் செல்வம் விளைந்தால் என்ன நேரும் என்ற கேள்வி இரண்டிடத்துக்கும் பொதுவானது. நமது ஊவாவில் தங்கச் சுரங்கம் இல்லை. ஆனால் இந்த மண் காலந்தோறும் ஏதோ ஒரு வகைப் பொன்னைத் தந்துகொண்டே வந்திருக்கிறது.

முதலில் நிலத்தைச் சொல்வோம். அப்புத்தளை கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 4,700 அடி உயரத்தில் இருக்கிறது. அதன் தெற்கே மலை படிப்படியாக இறங்கவில்லை, சுவர்போல் விழுகிறது. அந்தச் சுவரின் நடுவில் நாம் நிற்கிறோம். கிழக்கே சற்றுப் போனால் தியலுமை நீர்வீழ்ச்சி 720 அடி உயரத்திலிருந்து ஒரே பாய்ச்சலாகக் குதிக்கிறது. வானம் தெளிந்த நாளில் இச்சுவரின் மேல் நின்றால் தென்கடலின் ஒளிக்கீற்றுத் தெரியும். வடக்கே திரும்பினால் வேறொரு நாடு. உமா ஓயாவும் பதுளை ஓயாவும் தேடிச் சென்று மகாவலியோடு கலக்கின்றன. கிரிந்தி ஓயா, மாணிக்க கங்கை, கும்புக்கன் ஓயா ஆகியவை மகாவலியை நாடாமல் தென்கிழக்கே தனிவழி போகின்றன. மாணிக்க கங்கை கதிர்காமக் கந்தனின் காலடியைத் தழுவிப் போவதை இங்கே விளக்க வேண்டியதில்லை. நம்மிற் பலர் அதில் முழுகியவர்கள்.

காற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. வைகாசியில் தென்மேல் பருவக்காற்று வீசத் தொடங்கும்போது அட்டனிலும் நுவரெலியாவிலும் மழை கொட்டும். அந்த ஈரத்தையெல்லாம் மேற்குச் சரிவில் இறக்கிவிட்டு, மலையைத் தாண்டி, வறண்ட காற்றாக அது ஊவாவுக்குள் நுழைகிறது. மட்டக்களப்பார் இதனைக் கச்சான் என்பர். ஆடி, ஆவணி மாதங்களில் இக்காற்றுப் பட்ட கொழுந்து மெதுவாக வளர்ந்து தனி மணம் பெறுகிறது. உலகச் சந்தையில் ஊவாத் தேயிலைக்கென்று ஒரு பெயர் உண்டென்றால், அது இக்காற்றினாலும் அக்காற்றில் உதடு வெடிக்க நின்று கொழுந்தெடுத்த நமது தாய்மாராலும் வந்தது. விளம்பரத் தாளில் காற்றின் பெயர் மட்டுமே இருக்கும்.

இனி மக்கள். ஊவாவின் முதற்குடி நாமல்லர், சிங்களரும் அல்லர். பிந்தென்னைக் காட்டில், மகியங்கனைக்கு அப்பால் வாழும் வேடர்களே முதற்குடி. 1660 முதல் பத்தொன்பது ஆண்டுகள் கண்டி அரசிற் சிறையிருந்த ரொபட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயன், வேடர் செய்த வாணிபம் ஒன்றைத் தன் நூலில் எழுதியிருக்கிறான். அம்பு முனை வேண்டிய வேடன் இரவில் கொல்லன் பட்டறைக்கு வருவான். வேண்டிய வடிவில் ஓர் இலையை வெட்டி, வேட்டை இறைச்சியோடு அங்கே தொங்கவிட்டுப் போய்விடுவான். கொல்லன் அவ்வடிவில் அம்பு முனை செய்து வைத்தால் மேலும் இறைச்சி வந்து சேரும். ஒருவர் முகத்தை ஒருவர் காணாத கொடுக்கல் வாங்கல். இதைவிடப் பழைய சாட்சியும் உண்டு. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தீவில் இரண்டு ஆண்டு தங்கிய சீனத் துறவி பாஹியன், ஆதியில் இந்நாட்டவர் வணிகர் கண்ணிற் படாமலே பொருளை வைத்து விலையைக் குறித்துவிட்டு மறைவர் என்று கேட்டறிந்து எழுதினார். ஆபிரிக்காவின் மேற்குக் கரையிலும் இவ்வாறே நடந்தது என்பதைக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் கூறுகிறார். கார்த்தேஜ் நகர வணிகர் கரையில் சரக்கை இறக்கிப் புகை எழுப்பிவிட்டுக் கப்பலுக்குத் திரும்புவர். அந்நாட்டார் வந்து பொன்னை வைத்துவிட்டு விலகுவர். போதாது என்று தோன்றினால் வணிகர் கப்பலிற் காத்திருப்பர். மேலும் பொன் வரும். இருவரும் மனம் நிறையும் வரை ஒருவர் பொருளை மற்றவர் தொடுவதில்லை.

இதை ஏன் விரித்துச் சொல்கிறோம்? எல்லை நாட்டில் நடந்த வாணிபத்தில், பொருள் தருபவனே "போதும்" என்று சொல்லும் உரிமையை வைத்திருந்த காலம் ஒன்று இருந்தது. அதன்பின் வந்த வாணிபம் எதிலும் அந்த உரிமை உற்பத்தி செய்தவன் கையில் இல்லை. வேடர்களின் கதியையே பாருங்கள். 1983 ஆம் ஆண்டு மாதுறு ஓயாத் தேசியப் பூங்கா பிரகடனம் செய்யப்பட்டபோது, அவர்கள் வேட்டையாடிய காடு அவர்களுக்கே விலக்கப்பட்ட காடாயிற்று. தம்பானையின் தலைவர் உருவரிகே வன்னில எத்தோ 1996 இல் ஜெனீவா வரை சென்று முறையிட நேர்ந்தது.

அடுத்து வெல்லஸ்ஸ. இலட்சம் வயல் என்பது அச்சொல்லின் பொருள். இன்று மொனராகலை மாவட்டத்தின் வறண்ட பகுதிகளைக் காண்போர், அங்கே இலட்சம் வயல் இருந்ததா என்று ஐயுறுவர். இருந்தது. அதன் அழிவுக்கு ஆண்டும் காரணமும் உண்டு.

கண்டி அரசின் காலத்தில் ஊவாவின் உள்நாட்டுச் சரக்கெல்லாம் தவளத்தில்தான் சென்றது. தவளம் என்பது பொதிமாட்டுக் கூட்டம். அம்பாந்தோட்டை உப்பும் கீழ்க்கரைக் கருவாடும் துணியும் மேலேறும். பாக்கும் நெல்லும் பிறவும் கீழிறங்கும். இதை நடத்தியவர்களில் முஸ்லிம்கள் பெரும்பங்கினர். அரசனுக்கு இதற்கென்று மடிகே என்ற தனிப் பகுதியே இருந்தது. 1815 இல் கண்டி ஆங்கிலேயர் வசமானபின், வெல்லஸ்ஸவின் மடிகே முகாந்திரமாக ஹாஜி மரைக்கார் என்ற முஸ்லிம் வணிகரை அவர்கள் நியமித்தார்கள். அதுவரை சிங்களத் தலைமைக்காரர் வைத்திருந்த அதிகாரத்தை அது வெட்டிற்று. மறுபுறம், நாயக்கர் குலத்துத் துரைசாமி நானே என்று உரிமை கொண்டாடி விள்பாவ என்பவர் காட்டிலிருந்து வெளிப்பட்டார். 1817 இல் மரைக்காரும், பதுளையிலிருந்து புறப்பட்டு வந்த ஆங்கில அதிகாரி வில்சனும் கொல்லப்பட்டனர். அடக்க அனுப்பப்பட்ட கெப்பெட்டிபொல திசாவையே கிளர்ச்சியாளரோடு சேர்ந்துகொண்டார். 1818 நவம்பர் 26 அன்று அவர் தலை வெட்டப்பட்டது. அதற்குள் ஆங்கிலப் படை ஊவாவின் ஊர்களை எரித்து, கால்நடையை அழித்து, நெல்லைப் பாழாக்கி, குளங்களைச் சிதைத்துவிட்டது. இக்கிளர்ச்சியை மன்னர் ஆட்சியின் கடைசி மூச்சு என்று மட்டும் சொல்வோர் அதன் பாதியையே சொல்கின்றனர். பொதிமாட்டு வழி யாருடைய கையில் என்ற வழக்கும் அதற்குள் இருந்தது.

பின்பு 1840 இல் முடிக்குரிய நிலங்கள் பற்றிய 12 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. உறுதி காட்ட இயலாத காடும் சேனையும் முடியின் சொத்தாயின. தோட்டத்துக்கு நிலம் விற்கப்பட்டது. கண்டிச் சிங்களக் குடியானவன் தன் மேட்டு நிலத்தை இழந்த கதை இதுவே. 1951 இல் வெளியான கண்டிய விவசாயிகள் ஆணைக்குழுவின் அறிக்கை அவன் வறுமையைப் பதிவு செய்தது. அவன் நிலத்தைப் பறித்தவர் தமிழ்த் தொழிலாளி அல்லர் என்பதை அவனுக்கும் நமக்கும் நாம் அடிக்கடி நினைவூட்ட வேண்டியிருக்கிறது. பறித்தவன் விற்றான், வாங்கியவன் நம்மைக் கூட்டி வந்தான்.

முதலில் கோப்பி. இந்த மலையிலிருந்து கோப்பி மூட்டைகள் மாட்டு வண்டியில் பலாங்கொடை, இரத்தினபுரி வழியே இறங்கின. 1869 இல் இதே ஊவாவின் மடுல்சீமைப் பகுதியில் ஒரு கோப்பி இலையில் செந்நிறத் தூள் காணப்பட்டது. இருபது ஆண்டுகளுக்குள் இலங்கைக் கோப்பி அழிந்தது. துரைமார் சிலர் ஊருக்குக் கப்பலேறினர். தொழிலாளியோ சம்பளப் பாக்கியோடு வழியில் நின்றான்.

அந்தத் தொழிலாளி யார்? திருச்சி, சேலம், மதுரை, தஞ்சை, புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து, பஞ்சத்துக்கும் சாதிக் கொடுமைக்கும் தப்பி, கங்காணியின் வாக்கை நம்பித் தலைமன்னாரில் இறங்கிக் காட்டு வழியே நடந்து வந்தவன். அவன் கடன் துண்டு என்ற தாளில் எழுதப்பட்டது. துண்டை வாங்குகிற துரை ஆளையும் வாங்கினான். அத்துண்டு முறை 1921 இல்தான் சட்டத்தால் ஒழிந்தது. இதே காலத்தில், 1880 முதல், வட ஆர்க்காட்டிலிருந்தும் அயல் மாவட்டங்களிலிருந்தும் இன்னொரு கூட்டம் மைசூர் நாட்டுக் கோலார் தங்கவயலுக்குச் சென்றது. ஒரே மண்ணிற் பிறந்த இரு சகோதரர். ஒருவன் பொன்னுக்காகப் பத்தாயிரம் அடிக்கும் கீழே இறங்கினான். மற்றவன் தேயிலைக்காக ஐயாயிரம் அடி மேலே ஏறினான். கோலாரில் நூற்றிருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 800 தொன் பொன் எடுத்தார்கள். 2001 பெப்ரவரியில் சுரங்கம் மூடப்பட்டது. அவ்வளவு பொன் எடுத்த குடும்பங்கள் இன்று விடியுமுன் புகையிரதம் ஏறிப் பெங்களூருக்குக் கூலி வேலைக்குப் போய்த் திரும்புகின்றன. கம்பெனி கட்டிய சிறு வீடுகளில், அவை தமக்குச் சொந்தமா என்று தெரியாமல் நெடுங்காலம் வாழ்ந்தன. லயத்தில் இருக்கும் நமக்கு இக்கதையை யாரும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதில்லை.

தேயிலை வந்தபின் இருப்புப்பாதையும் வந்தது. பட்டிப்பொலையில் 6,226 அடி உயரத்தைத் தாண்டி, 1893 இல் அப்புத்தளைக்கும், 1894 இல் பண்டாரவளைக்கும் புகையிரதம் வந்தது. பதுளையை எட்ட 1924 ஆயிற்று. எல்லையருகே ஒன்பது வளைவுப் பாலத்தையும் தெமோதரை வளையத்தையும் இன்று வெளிநாட்டார் வந்து படம் பிடிக்கிறார்கள். பிடிக்கட்டும். 1890 இல் இலங்கைக்கு வந்த தோமஸ் லிப்டன் அப்புத்தளையின் தம்பேதென்னை முதலிய தோட்டங்களை வாங்கினார். இடைத்தரகர் இன்றித் தோட்டத்திலிருந்து தேநீர்க் கோப்பைக்கு என்பது அவர் வாணிபத்தின் தந்திரம். இடைத்தரகர் ஒழிந்ததனால் மிஞ்சிய இலாபம் எந்தப் பக்கம் போயிற்று என்பதை லயங்களின் அளவே சொல்லும்.

அரசியலை நாம் நீட்டப் போவதில்லை; நீங்கள் அனுபவித்தவர்கள். 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸின் ஏழு பேர் பாராளுமன்றம் சென்றனர். 1948 இல் குடியுரிமை போயிற்று. அடுத்து வாக்கும் போயிற்று. 1964 ஒக்டோபர் 30 அன்று சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டு 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டனர். எஞ்சிய 1,50,000 பேரை 1974 இல் பாதி பாதியாகப் பிரித்தனர். ஒரே லயத்தில் அண்ணன் அங்கும் தம்பி இங்கும் என்று பிரிந்தவர்கள் இந்த அவையிலேயே இருக்கக்கூடும். தோட்டங்கள் 1972 இலும் 1975 இலும் அரசுடைமையாயின. 1992 இல் நிர்வாகம் மீண்டும் கம்பெனிகளின் கைக்கு வந்தது. 1983 ஜூலையில் பதுளையிலும் பண்டாரவளையிலும் தமிழர் கடைகள் எரிந்தன. நாடற்றோர் எஞ்சியிருந்த நிலை 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தால் முடிந்தது. 2012 குடிசன மதிப்பில் பதுளை மாவட்டத்தின் எட்டு இலட்சத்துப் பதினைந்தாயிரம் பேரில் ஏறத்தாழ ஐந்திலொருவர் தமிழர். வாக்கு இருக்கிறது, அடையாள அட்டை இருக்கிறது. காணி இல்லை.

மண்ணிலிருந்து நேரே எடுக்கும் செல்வமும் ஊவாவில் உண்டு. மொனராகலை மாவட்டத்து ஒக்கம்பிட்டியாவில் இல்லம் என்று சொல்லப்படும் சரளை மண் அடுக்கில் இரத்தினக்கற்கள் கிடைக்கின்றன. 2012 இல் கதிர்காமத்தருகே தம்மன்னாவையில், வீதி போட வெட்டிய மண்ணில் நீலக்கல் தென்பட்டது. செய்தி பரவியதும் மண்வெட்டியோடும் வாளியோடும் மக்கள் கூடினர். பின்னர் அரசு அந்நிலத்தைத் துண்டு துண்டாக ஏலத்தில் விட்டது. பணமுள்ளவர் துண்டை எடுத்தனர். ஜொகனஸ்பர்க்கின் கதை இங்கே சில வாரங்களில் நடந்து முடிந்தது.

விவசாயிகளே, உங்கள் பக்கம் வருகிறோம். வெலிமடை, ஊவா பரணகமை, பண்டாரவளைப் பகுதிகளில் நெல்லறுத்த வயலில் உருளைக்கிழங்கு போடுகிறீர்கள். நீங்கள் கிழங்கை நிலத்திலிருந்து கிளறும் வாரத்தில் இறக்குமதி வரி குறைந்தால், கெப்பெட்டிபொலைப் பொருளாதார மையத்தில் உங்கள் மூட்டையை யார் வாங்குவார்? 2021 இல் இரசாயன உரத்தை ஒரே நாளில் தடை செய்தபோது நிபுணர் பலர் எச்சரித்தும் கேட்பாரில்லை. அவ்வாண்டு நவம்பரில் தடை நீங்கியது. ஒரு போகம் போனது போனதுதான். மரக்கறித் தோட்டக்காரரும் தேயிலைத் தொழிலாளியும் தனித்தனிச் சங்கமாகவே இருப்பது நல்லதென்று நினைப்போர் உண்டு. நாம் அப்படி நினைக்கவில்லை. அந்த உரத்தடையில் கொழுந்தும் கிழங்கும் ஒன்றாகவே வாடின.

இக்காலத்துப் பொன் நீர் என்று சொன்னாலும் பொருந்தும். உமா ஓயா மகாவலிக்குப் போகும் ஆறு. அதன் நீரைப் புகுல்பொலை, டயரபா அணைகளால் மறித்து, மலைக்குள் சுரங்கம் குடைந்து, கரந்தகொல்லையில் நிலத்தடியில் 120 மெகாவாட் மின்சாரம் எடுத்து, கிரிந்தி ஓயாப் பக்கம் திருப்பிவிட்டார்கள். கீழ்நாட்டு வயலுக்கு நீர் வேண்டும். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் 2014 டிசம்பரில் சுரங்கத்துக்குள் நீர் உடைத்துப் பாய்ந்தபோது, மேலே பண்டாரவளைப் பகுதியில் கிணறுகள் வற்றின, சுவர்கள் வெடித்தன. 2017 இல் சிங்களரும் தமிழரும் முஸ்லிம்களும் பண்டாரவளை வீதிகளில் ஒன்றாக நின்றனர். 2024 ஏப்ரல் 24 அன்று ஈரான் நாட்டு ஜனாதிபதி வந்து திட்டத்தைத் திறந்துவைத்தார். மலையின் மேலிருப்பவனைக் கேட்டு எந்தச் சுரங்கமும் குடையப்படுவதில்லை.

இங்கிருந்து கொஸ்லந்தைப் பாதையில் போகும் எவரும் மீரியபெத்தையைக் கடந்தே போகிறார். 2014 ஒக்டோபர் 29 காலை. பெரட்டுக்குப் போனவர் போக, பிள்ளைகள் பாடசாலைக்குப் புறப்பட்ட நேரம். மலை இறங்கி லயங்களை மூடியது. தோண்டி எடுக்கப்படாதவர் அம்மண்ணுக்குள்ளேயே இருக்கிறார்கள். அவ்விடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை தாளில் இருந்தது. போவென்று சொன்னவர்கள் எங்கே போவதென்று சொல்லவில்லை. போவதற்கு ஒரு பேர்ச் நிலமும் அம்மக்களுக்கு இல்லை. தப்பியவர் புது வீட்டுக்குப் போக ஏறத்தாழ இரண்டு ஆண்டு ஆயிற்று. 2023 மார்ச்சில் பூனாகலை, கபரகலைத் தோட்டத்தில் மீண்டும் மண் சரிந்தது.

நாட்கூலி 2021 இல் ஆயிரம் ரூபாவாகவும் 2024 இல் 1,350 ரூபாவாகவும் வர்த்தமானியில் ஏறியது. கூலிப் போராட்டத்தை நாம் சிறிதும் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கூலி எவ்வளவு ஏறினாலும் லயம் தோட்டத்தின் சொத்து. லயத்து அடுப்பு மட்டும் நமது. தனிவீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஏழு பேர்ச் என்கிறார்கள். ஓர் ஏக்கருக்கு 160 பேர்ச். கணக்கைப் பிள்ளைகளே போட்டுவிடுவார்கள். அந்த ஏழு பேர்ச்சிலும் உறுதி கையில் இருக்கிறதா, அனுமதிப்பத்திரம் மட்டும் இருக்கிறதா, வீடு மட்டும் இருக்கிறதா என்று வீடு வீடாகப் பார்க்க வேண்டும். இந்த அவையில் எழுத்தறிந்த ஆசிரியரும் அலுவலரும் சட்டம் தெரிந்தவரும் இருக்கிறீர்கள். உங்கள் பெற்றோர் பெரட்டுக் களத்தில் நின்றவர்கள். தோட்டத்துக்கு இருவராக வந்து ஒவ்வொரு குடும்பத்தின் காணிநிலையையும் ஒரு கொப்பியில் எழுதித் தாருங்கள். அதனை மாவட்டச் செயலகத்துக்கும் பாராளுமன்றத்துக்கும் கொண்டு போவது எங்கள் வேலை.

அதற்கு முன் அவசரமானது ஒன்று. மண்சரிவு அபாய வரைபடங்கள் பதுளை மாவட்டத்துக்குத் தயாரிக்கப்பட்டிருக்கின்றன. உங்கள் லயம் எந்த நிறத்தில் இருக்கிறது என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? அல்துமுல்லைப் பிரதேச செயலகத்துக்கு நாளைக் காலையே ஒவ்வொரு தோட்டத்திலிருந்தும் மூவர் போய், உங்கள் டிவிசனின் வரைபடத்தைத் தமிழில் எழுத்து மூலம் கேளுங்கள். கிடைத்த பிரதியைத் தோட்டக் காரியாலயச் சுவரிலும் கோயில் மதிலிலும் ஒட்டுங்கள். மழை வலுத்தால் எந்தப் பாடசாலைக்கு, எந்தப் பாதையால் போவது என்பதை அதன் கீழே எழுதுங்கள். ஐப்பசி மழைக்கு முன் இது முடிய வேண்டும்.